உருக்குலைந்த கம்பளிச் சட்டை

தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்திலுள்ள புதியம்புத்தூர், ஆயத்த ஆடைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். தொளதொளத்த சட்டையைப் பிடித்துத் தைத்தலும், இறுகியதைப் பிரித்து விடுதலும் அங்குப் பலரும் அறிந்த தொழில். அத்தகைய ஊரில், வடக்கே படைப்பணி புரிந்து திரும்பிய ஒருவரது பெட்டியினின்று, அவருடைய தாயார் கையாற் பின்னிய பழைய கம்பளிச் சட்டை ஒன்று வெளிப்படுகிறது எனக் கொள்க. பல்லாண்டுகள் ஆணியில் தொங்கியமையால் அதன் உடல் நீண்டு, விளிம்பு விரிந்து கிடக்கின்றது. பின்னியவரோ இன்று இல்லை. சட்டையைத் தையற்காரரிடம் கொடுக்கலாமா?

கூடாது. நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாய் ஒன்றையொன்று பிணித்து நிற்கும். பின்னலிலோ நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாய்க் கோக்கப்படுகிறது. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தடுத்தவையும் கழன்றோடும். ஆதலின் இங்குக் கத்தரிக்கு வேலை இல்லை, நீருக்கே வேலை.

இதன் காரணம் கம்பளியின் இயல்பில் உள்ளது. கரிசற் காட்டில் மேயும் வேம்பூர் ஆட்டின் உடலில் இருப்பது வெறும் மயிர். நீலகிரி ஆடு தருவதோ சுருள்சுருளான மென்கம்பளி. மனிதரின் தலைமயிரைப் போலவே கம்பளியும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆயது. ஈரத்தில் வாரிய தலைமயிர், உலர்ந்த பின்னும் வாரியவாறே படிந்திருத்தலை யாவரும் கண்டிருப்பர். நீர் புகும்போது இழையினுள் இருக்கும் நுண்பிணைப்புகள் சில நெகிழ்கின்றன. உலரும்போது அப்போதுள்ள வடிவிலேயே மீண்டும் பிணைகின்றன.

முதலில் சட்டை கம்பளிதானா என அறிதல் வேண்டும். உள்மடிப்பில் எஞ்சிய நூல் நுனியைக் கொளுத்தினால், கம்பளி மயிர் கருகும் நாற்றம் தரும். செயற்கை இழை உருகும். செயற்கை இழைக்கு இம்முறை அவ்வளவாகப் பயன் தராது.

பின்னர்க் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பைக் கரைத்துச் சட்டையை அமிழ்த்தி வைக்கலாம். வெந்நீர், சலவைச் சோடா, அடித்துத் துவைத்தல் ஆகிய மூன்றும் கம்பளிக்குப் பகை. இழையின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி, சட்டை சுருங்கித் தடித்துவிடும். அவ்வாறு இறுகியதை முழுதும் மீட்டல் இயலாது. தாயின் கைவேலை ஒரு பொழுதிலே அழிந்துபோகும்.

நல்ல நீரில் அலசியபின், நீர் சுமந்த சட்டையை ஒரு முனையால் தூக்கலாகாது. தன் எடையாலேயே அது மேலும் நீளும். இரு கைகளாலும் ஏந்தி, துவாலையில் சுருட்டி அழுத்தி ஈரத்தை வாங்க வேண்டும், முறுக்குதல் தகாது. அப்பால் பாயின்மேல் உலர்ந்த துணி விரித்து, அதில் சட்டையைப் பரப்பி, உடலின் நீளத்தையும் மார்பின் அகலத்தையும் அளவுநாடாவால் பார்த்து, கண்ணிகளை விரல்களால் மெல்லக் கூட்டிவிடுதல் வேண்டும். விளிம்பின் வரிப்பின்னலை நெருக்கித் துருப்பிடிக்காத ஊசிகளால் நிறுத்தலாம். இப்பணிக்குப் பொறுமை மிக வேண்டும். தையற்பொறிக்குப் பழகிய கைகள் சற்றே விரையும்.

கரிசற்காட்டு வெயில் விரைவில் உலர்த்தும் எனினும், கம்பளிக்கு நிழலே ஏற்றது. முற்றும் உலரும்வரை சட்டையை அசைத்தலாகாது. ஒரு முறையில் சீர்படாவிடின் மறுமுறை நனைக்கலாம். உலர்ந்தபின் மடித்துப் பெட்டியில் வைத்தல் வேண்டும். மீண்டும் ஆணியில் மாட்டுதல் கூடாது.