84 பைசா கணக்கு

பத்தாயிரம் ரூபாயில் 84 பைசா குறைந்தால் யாருக்குத் தெரியும்? வெகு தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு, பூமி குறுக்கே போகும்போது சூரிய ஒளி குறைவது அவ்வளவுதான். அதுவும் ஏறக்குறைய 13 மணி நேரத்துக்கு. விட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

இந்தச் சில்லறையைத் தேடித்தான் 2009 மார்ச்சில் நாசா கெப்ளர் தொலைநோக்கியை ஏவியது. வானின் ஒரே துண்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அது நான்கு வருடம் பார்த்தது. அரை மணிக்கு ஒருமுறை ஒளியை அளந்தது.

கோளைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, மொத்தம் எத்தனை இருக்கும் என்று கணிப்பது வேறு வேலை. பூமி போன்ற பாதையில் சுற்றும் கோள், நம் பார்வைக்கு நேராக விண்மீனைக் கடக்க வாய்ப்பு 200-இல் ஒன்றுதான். ஆகவே ஒன்று அகப்பட்டால், கண்ணுக்குச் சிக்காத இருநூறு பேரின் பிரதிநிதி அது.

நேராகக் கடந்தவற்றிலும் எத்தனையைத் தவறவிட்டோம்? அரிசியில் நாமே நூறு கல்லைக் கலந்து, பொறுக்கச் சொல்லிப் பார்ப்பது போன்ற சோதனை இதற்கு உண்டு. கெப்ளர் தரவில் பொய்யான மங்கல்களைப் புகுத்தி, மென்பொருள் எத்தனையைப் பிடிக்கிறது என்று எண்ணினார்கள். நூற்றில் நாற்பதுதான் பிடிபட்டால், உண்மைக் கோள்களின் எண்ணிக்கையை இரண்டரையால் பெருக்க வேண்டும். மறுபக்கம், ஒளி வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பியும் தேடினார்கள். அதில் அகப்படும் ‘கோள்’ கருவியின் இரைச்சலாகத்தான் இருக்கும். அந்த அளவைக் கழித்தார்கள்.

இத்தனை திருத்தத்துக்குப் பிறகு, ஆய்வாளர் ஸ்டீவ் பிரைசனின் குழு 2020-இல் சொன்ன விடை: சூரியனை ஒத்த 100 விண்மீன்களுக்கு, நீர் திரவமாக நிற்கக்கூடிய தூரத்தில் 37 முதல் 60 பாறைக் கோள்கள். பிழை எல்லையைச் சேர்த்தால் 16-இலிருந்து 150 வரை விரிகிறது. காரணம், தொலைநோக்கியின் திசையை நிலைநிறுத்தும் சக்கரங்களில் இரண்டாவதும் 2013 மே மாதம் பழுதானது. வருடத்துக்கு ஒருமுறை கடக்கும் கோளுக்கு நான்கு வருடத் தரவு போதவில்லை.

இத்தகைய கோள்களுக்கு வழங்கும் ‘வாழத் தகுந்த’ என்ற சொல்லையும் இங்கே அளந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு கேட்பது பருமனையும் கிடைக்கும் வெப்பத்தையும் மட்டுமே. காற்றையோ நீரையோ கேட்பதில்லை. இதே விதியால் நம் சூரியக் குடும்பத்தை எண்ணினால் இரண்டு கோள்கள் தேறும்: ஒன்று பூமி, மற்றது செவ்வாய்.