பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் கிட்டார் ரெக்கார்டிங்: டிஐ, ரீஆம்ப்... எதை முதலில் வாங்கணும்?

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், மறைமலை நகர்... தாம்பரம் - செங்கல்பட்டு ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர்கள் இவை. இங்கே அடுக்குமாடியில் இருந்துகொண்டு எலெக்ட்ரிக் கிட்டார் ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு இரண்டு தலைவலி. பகலில் ஆம்ப் முன்னால் மைக் வைத்தால் ரயில் சத்தமும் சேர்ந்தே பதிவாகும். ராத்திரியில் வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

அவர் தட்டுவதிலும் நியாயம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். 15 வாட் வால்வு ஆம்பை நன்றாகத் திறந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவருக்கு 100 டெசிபலைத் தாண்டும்!

இதற்கு வழி, ஆம்ப் இல்லாமல் கிட்டாரை நேரடியாகக் கம்ப்யூட்டரில் பதிவது. ஆனால் எந்தக் கருவியை வாங்குவது என்பதில்தான் பலர் காசை விடுகிறார்கள்.

டிஐ என்றால் என்ன?

'டைரக்ட் இன்ஜெக்‌ஷன்' என்பதன் சுருக்கம்தான் டிஐ. 1960களிலேயே அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் நிறுவனத்தின் ஸ்டூடியோவில் கிட்டாரையும் பேஸையும் இப்படி நேரடியாகப் பதிந்தார்கள். கோவளத்தில் 2013இல் தொடங்கிய அலைச்சறுக்கு, இசை விழா போன்ற கடற்கரை மேடைகளிலும், பேஸ் கிட்டார் வாசிப்பவரின் காலடியில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் டிஐ பாக்ஸ்.

கிட்டாரின் பிக்கப்பில் இருந்து வரும் சிக்னல் பலவீனமானது. அதைச் சாதாரண லைன் இன்புட்டில் செருகினால், அந்த இன்புட் சிக்னலை அமுக்கிவிடும். மேல் ஸ்தாயி மங்கி, போர்வைக்குள் இருந்து வாசித்தது மாதிரி கேட்கும். கிட்டாருக்குத் தேவை சுமார் 1 மெகா ஓம் மின்மறுப்பு கொண்ட இன்புட்.

தனியாக டிஐ பாக்ஸ் வாங்கணுமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ஆடியோ இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று ஒரு பட்டன் இருந்தால், டிஐ பாக்ஸின் வேலையை அதுவே செய்துவிடும். அந்தப் பட்டனை அழுத்த மறந்துவிட்டு "கிட்டார் சரியில்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

இன்டர்ஃபேஸில் மைக் இன்புட் மட்டும்தான் இருக்கிறது, அல்லது கேபிள் ரொம்ப தூரம் போக வேண்டும் என்றால் மட்டும் தனி டிஐ வாங்கலாம். பேட்டரி இல்லாத சாதாரண பிக்கப் என்றால் ஆக்டிவ் டிஐ நல்லது. பேட்டரி உள்ள பிக்கப்புக்கும் கீபோர்டுக்கும் பாசிவ் டிஐ போதும்.

ரீஆம்ப் எதற்கு?

டிஸ்டார்ஷன் சேர்த்தே பதிந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து மிக்ஸிங் செய்பவர் "டிஸ்டார்ஷனைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று கேட்டால், திரும்பவும் முதலில் இருந்து வாசிக்க வேண்டியதுதான். சுத்தமான டிஐ டிராக் கையில் இருந்தால் அந்தக் கவலை இல்லை. வாசித்தது வாசித்தபடியே இருக்கும். அதே டிராக்கை ஓர் ஆம்புக்குள் அனுப்பி, மைக் வைத்து மறுபடி பதியலாம். இதுதான் ரீஆம்ப்.

கம்ப்யூட்டரில் இருந்து வெளியே வரும் லைன் சிக்னல், ஆம்ப் எதிர்பார்க்கும் கிட்டார் சிக்னலைவிட வலுவானது. அதைக் குறைத்து, மின்மறுப்பையும் கிட்டாரைப் போலவே மாற்றித் தருவதுதான் ரீஆம்ப் பாக்ஸ். ஒருவகையில் இது டிஐ பாக்ஸைத் திருப்பிப் போட்டது மாதிரி. கிட்டார் கலைஞர் ஜோ சாட்ரியானியின் ஒலிப்பதிவாளர் ஜான் குனிபெர்ட்டி, 1990களில் 'ரீஆம்ப்' என்ற பெயரிலேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

எந்த வரிசையில் வாங்கலாம்?

1. புது ஸ்ட்ரிங்ஸ், நல்ல கேபிள்: கேபிள் 3 முதல் 5 மீட்டருக்குள் இருக்கட்டும். நீளம் கூடக் கூட ஒலியின் கூர்மை குறையும்.

2. ஹை-இசட் இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ்: பிற்பாடு ரீஆம்ப் செய்யும் எண்ணம் இருந்தால் 4 அவுட்புட் உள்ளதாகப் பாருங்கள். 2 அவுட்புட் என்றால், ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கர் கேபிளைக் கழற்றி மாட்டணும்.

3. ஹெட்போனும் ஆம்ப் சிம் மென்பொருளும்: நியூரல் ஆம்ப் மாடலர் போல இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைத் தரும் 'ஐஆர்' ஃபைலையும் சேர்க்க மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் வண்டு ரீங்காரம்தான்.

4. ரீஆம்ப் பாக்ஸ்: கடைசியில்தான். சொந்தமாக ஆம்ப் இல்லாதவர்களுக்கு இது தேவையே இல்லை. டிஐ டிராக்கை பென்டிரைவில் போட்டு, ஆம்பும் ரீஆம்ப் வசதியும் உள்ள ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனால் போதும்.

கடற்கரைக்காரர்கள் கவனத்துக்கு...

கோவளம், மாமல்லபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றுதான் எதிரி. ஸ்ட்ரிங்ஸ் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஜாக்கும் வால்யூம் குமிழும் கரகரக்கும். டிஐயில் அந்தக் கரகரப்பும் அப்படியே பதிவாகும். வாசித்து முடித்ததும் ஸ்ட்ரிங்ஸைத் துணியால் துடையுங்கள். கிட்டார் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள்.

'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால், அது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் சத்தமாக இருக்கலாம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். டிஐ அல்லது ரீஆம்ப் பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் இருந்தால் அதைத் தட்டலாம். ஆனால் இரைச்சலை நிறுத்துகிறேன் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஆம்பில் பழுது ஏற்பட்டால் கிட்டார் கம்பி வழியாகவே ஷாக் அடிக்கும். உயிருக்கே ஆபத்து.

பதியும்போது என்ன கவனிக்கணும்?

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பலமாக மீட்டினாலும் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கத்திலேயே நிற்கட்டும். ஆம்ப் சிம் ஒலியை ஹெட்போனில் கேட்டபடி வாசிக்கலாம். பதிவாவது மட்டும் எஃபெக்ட் சேராத சுத்தமான டிராக்காக இருக்கணும்.

வீட்டில் அரைத்து வைத்த மாவு நன்றாக இருந்தால் இன்று இட்லி, நாளை தோசை, மறுநாள் ஊத்தப்பம் என்று எது வேண்டுமானாலும் ஊற்றலாம். மாவு கெட்டுப்போனால் எந்தக் கல்லில் ஊற்றியும் பயனில்லை. டிஐ டிராக்தான் அந்த மாவு. மிக்ஸிங் முடிந்த பிறகும் அதை அழிக்காமல் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.