ஒரே வண்ணம்தான், ஆனாலும் ஒன்றுபோல் இல்லை

சென்ற தீபாவளி விடுமுறைக்கு என் மகள் வயிற்றுப் பேரன் செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வயது பன்னிரண்டு. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி ஒரு மிக்-21 போர் விமானம் செய்து, முழுக்க வெள்ளி வண்ணம் அடித்துக் காய வைத்தான். மறுநாள் காலையில் அதைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"அலுமினியச் சொம்பு மாதிரி இருக்கு தாத்தா. குப்பையிலே போட்டுடறேன்" என்றான். பத்து நாள் உழைப்பு! "இருடா, அவசரப்படாதே" என்று வாங்கி மேசை மேல் வைத்தேன்.

அவன் தேர்ந்தெடுத்தது சாதாரண விமானம் அல்ல. 1963-ல் நம் விமானப் படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விடைபெற்றது. நம் மகாராஷ்டிரத்தில், நாசிக் அருகே ஓஜரில் நூற்றுக்கணக்கில் தயாரானது. ஆரம்ப காலத்தில் வெள்ளி நிறத்தில்தான் பறந்தது. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக வண்ணம் அடித்த விமானத்தில் கண்ணுக்கு வேலை இருக்கும். ஒரே வண்ணத்தில் அது இல்லை. அதனால் சுலபம் போலத் தோன்றும் இதுதான் கடினம்.

எனக்கு விமானம் தெரியாது. ரயில் பெட்டி தெரியும். மாட்டுங்கா பணிமனையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்த நாளில் பெட்டிகள் எல்லாம் ஒரே மெரூன் நிறம். ஆனால் பராமரிப்புக்கு வரும்போது எந்தப் பெட்டியும் ஒரே நிறத்தில் இருக்காது. ஜன்னலுக்குக் கீழே மழைநீர் வழிந்த கோடு, கைப்பிடி அருகே கை பட்டுப் பட்டு ஏறிய பளபளப்பு, அடிப்பாகத்தில் பிரேக் தூசியின் பழுப்பு, புதிதாக மாற்றிய தகட்டில் மட்டும் பளிச்சென்ற வண்ணம். பெட்டியைப் பார்த்தே அதன் கதையைச் சொல்லிவிடுவோம்.

"விமானமும் அப்படித்தானே இருக்கும்?" என்றேன். நேரில் பார்க்க வர்லி நேரு அறிவியல் மையத்துக்குப் போனோம். அங்கே மிக்-21 இல்லை. 1961-ல் முதலில் பறந்த நம் நாட்டு மாருத் போர் விமானம் இருக்கிறது. உடம்பு ஒரே தகடல்ல, பல தகடுகளின் இணைப்பு என்பதைப் பேரன் அங்கேதான் கவனித்தான்.

வீடு திரும்பியதும் ஆர்வக் கோளாறில் ஒரு பழைய மாடலை எடுத்து, எல்லா இணைப்புக் கோடுகளிலும் நானே கறுப்பு மை தீட்டினேன். "கட்டம் போட்ட லுங்கி மாதிரி இருக்கு தாத்தா" என்று சிரித்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாடல் 1:72 அளவு. அதில் 1 மி.மீ. கோடு என்றால் நிஜத்தில் 7 செ.மீ. பள்ளம்! எந்த விமானத்தில் அப்படி இருக்கும்?

அதன் பிறகு நிதானமாகச் செய்தோம். சில தகடுகளைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, வெள்ளி வண்ணத்தில் ஒரு சொட்டுக் கறுப்போ வெள்ளையோ கலந்து தடவினோம். அடுத்து, அக்ரிலிக் வார்னிஷ் ஒரு பூச்சு. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். இல்லாவிட்டால் பின்னால் தடவும் டர்பன்டைன் அடியில் உள்ள வண்ணத்தைக் கெடுத்துவிடலாம். பிறகு, ஓவியர்கள் பயன்படுத்தும் பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துக் கோடுகளில் ஓட விட்டு, மிச்சத்தைப் பஞ்சால் துடைத்தோம். துடைப்பது எப்போதும் முன்னிருந்து பின்னாக, காற்று ஓடும் திசையில். எஞ்சின் வாய்ப்பக்கம் சூட்டில் உலோகம் நிறம் மாறும். அங்கே மெல்லிய பழுப்பும் நீலமும். மெக்கானிக் கால் வைக்கும் இடத்தில் பென்சில் தூள் கொஞ்சம். அவ்வளவுதான்.

சாம்பல் நிற விமானமானால் வேறு வழி உண்டு. முதலில் கோடுகளின் மேல் அடர்நிறம் தீட்டி, அதன் மேல் சாம்பலை மெல்லியதாக அடிக்க வேண்டும். அடியில் இருப்பது நிழல் போலத் தெரியும். பிறகு தகடுகளின் நடுவே சற்று வெளிறிய சாம்பல். வெயிலில் மங்கியது போல இருக்கும்.

ஒவ்வொரு கறை வைக்கும்போதும் பேரனை ஒரு கேள்வி கேட்டேன்: "இது இங்கே ஏன் வந்தது?" எண்ணெய் கசிந்ததா, கால் பட்டதா, மழையா, சூடா? பதில் இல்லாவிட்டால் கறையும் இல்லை. அழுக்கு என்பது அலங்காரம் அல்ல. அந்த இயந்திரத்தோடு உழைத்தவர்கள் விட்டுச்சென்ற கையெழுத்து. பெட்டியின் மேல் எண் எழுதுவோம். அதைப் பழுது பார்த்தவன் பெயரை யாரும் எழுதுவதில்லை.

நான்கு நாட்கள் நானும் பேரனும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். ஹிந்தி கலந்த அவன் தமிழில் பேசிக்கொண்டே இருந்தான். மாட்டுங்கா பணிமனையைப் பற்றி அவன் என்னிடம் கேட்டது அதுவே முதல் தடவை. ஊருக்குக் கிளம்பும்போது விமானத்தை எடுத்துக்கொள்ளவில்லை. "உங்ககிட்டேயே இருக்கட்டும் தாத்தா. அடுத்த லீவுக்கு ஒரு ரயில் பெட்டி பண்ணலாம். மெரூன் கலர்" என்றான்.

மெரூன் டப்பா வாங்கி வைத்துவிட்டேன்.