நோய்க்கு ஒரு முகம்: அம்பலாங்கொடை முகமூடிகள்

இலங்கைக்கு டூர் போயிட்டு வந்தவங்க வீட்டுச் சுவத்துல ஒரு மர முகமூடியைப் பார்த்திருப்பீங்க. பிதுங்கின கண்ணு, கோரைப்பல்லு, தலைமேல படமெடுக்கிற நாகங்கள். அது நாக ராட்சசன். கடையில அதிகம் கண்ணுல படுறது அவர்தான். ஆனா இன்னைக்கு நம்ம ஹீரோ அவர் இல்ல; நோயாளிக்காகவே செதுக்கின முகமூடிகள்.

இதுக்குப் பேர்போன ஊர், காலி மாவட்டக் கடலோரத்துல இருக்கிற அம்பலாங்கொடை. பெரும்பாலும் ‘கதுரு’ன்னு ஒரு மரத்துலதான் செதுக்குறாங்க. காரணம் சிம்பிள்: எடை குறைவு. போட்டுக்கிட்டுச் சுழன்று ஆடணுமே!

அங்க நடக்குற சடங்குக்குப் பேர் சன்னி யகும. ‘ஜன்னி கண்டுடுச்சு’ன்னு நம்ம பாட்டிங்க சொல்வாங்க இல்லையா, அதே சொல்தான். ரெண்டுக்கும் வேர் ‘சந்நிபாதம்’: வாதம், பித்தம், கபம் மூணும் சேர்ந்து கெடுறது. சிங்கள மரபுல நோய் தர்ற சன்னி யகாக்கள் மொத்தம் 18. வாந்திக்கு அமுக்கு சன்னி, காது கேளாமைக்கு பிஹிரி சன்னி, பார்வை போறதுக்கு கண சன்னி. முடக்கத்துக்கு கோர சன்னி. அந்த முகமூடியில வாயே ஒரு பக்கமா கோணிக்கிட்டு இருக்கும்.

சடங்கு ராத்திரி முழுக்க நடக்கும். நோயாளி முன்னாடி உட்கார்ந்திருப்பார், சுத்தி சொந்தபந்தம், அக்கம்பக்கம். யகா மிரட்டிக்கிட்டே உள்ள வருவான். மேளக்காரர் பயப்பட மாட்டார். வாய்க்கு வாய் பேசி அவனைக் கலாய்ப்பார். கூட்டம் சிரிக்கும். கடைசியில புத்தரோட ஆணைக்குப் பணிஞ்சு, படையலை வாங்கிக்கிட்டு, ‘விட்டுட்டுப் போறேன்’னு யகா ஒத்துக்கணும்.

‘ப்ரோ, இது மூடநம்பிக்கைதானே?’ன்னு கேட்பீங்க. டெங்கு வந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், அதுல டவுட்டே வேணாம். ஆனா நோய்ல பாதி வேதனை, உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாத பயம். பக் எங்க இருக்குன்னே தெரியாம ராத்திரி முழுக்க முழிக்கிறவங்களுக்கு இது புரியும். இங்க அந்தப் பயத்துக்கு ஒரு பேர், ஒரு முகம் கிடைக்குது. எதிர்ல நிக்க வெச்சுக் கேள்வி கேட்கலாம், சிரிக்கலாம், வெளிய அனுப்பலாம். அதைவிட முக்கியம், நோயாளி தனியா இல்ல. ஊரே கூட முழிச்சிருக்கு.

சுவத்துல மாட்டின முகமூடிக்கு மேளமும் இல்ல, பதில் பேச ஆளும் இல்ல. அதனாலதான் அது நமக்கு வெறும் கோர முகமாத் தெரியுது. அடுத்த தடவை ஒண்ணைப் பார்த்தா, ‘இது எந்த நோயோட முகம்?’னு கேட்டுப் பாருங்க.