திறக்க வேண்டாம் அந்தச் சமாதியை!

சீனாவின் சியான் நகருக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள் விடிந்ததுமே கிழக்கே கிளம்பிவிட வேண்டும். மெட்ரோவின் 9-ஆம் தடத்தில் ஹுவாச்சிங் குளம் வரை போய், அங்கிருந்து சுடுமண் வீரர்கள் அருங்காட்சியகத்துக்குப் பேருந்து பிடிக்கலாம். வெயில் ஏறியபின் போனால் சுடுமண் வீரர்களுக்குப் பதில் முன்னால் நிற்பவர்களின் கைப்பேசிகளைத்தான் பார்க்க முடியும்.

முதல் குழி 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். ரயில் நிலையம் போன்ற பெரிய கூரையின் கீழ், ஆளுயர வீரர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். ஒருவர் முகம் போல் இன்னொருவர் முகம் இல்லை. கொண்டையின் முடிச்சும் மீசையின் வளைவும்கூட மாறுகின்றன. 1974-இல் விவசாயிகள் கிணறு வெட்டப்போய் இந்தப் படை வெளிப்பட்ட கதை பலருக்கும் தெரியும். வெளிப்பட்டபோது அது எதை இழந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இழந்தது நிறத்தை. இன்று சாம்பலும் பழுப்புமாக நிற்கும் இவர்களுக்கு இளஞ்சிவப்பு முகமும் பச்சை, சிவப்பு, ஊதா உடைகளும் இருந்தன. சுட்ட மண்ணின்மேல் அரக்குப் பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டியிருந்தார்கள். ஈரமண்ணுக்குள் 2,200 ஆண்டு தாக்குப்பிடித்த அந்த அரக்கு, வறண்ட காற்றுப் பட்ட சில நிமிடங்களிலேயே சுருண்டு, வண்ணத்தோடு உதிர்ந்துவிட்டது. பிறகு சீன, ஜெர்மன் நிபுணர்கள் சேர்ந்து, ஈரம் காயுமுன் அரக்கைப் பிடித்துவைக்கும் வேதிமுறைகளைக் கண்டார்கள். அவை வருமுன் வெளியே வந்த வீரர்களுக்கு அவற்றால் பயனில்லை.

இங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் மரம் அடர்ந்த மண்மேடு ஒன்று. அதன் அடியில்தான், இந்தப் படையைத் தன் கல்லறைக்குக் காவலாக வைத்த பேரரசர் சின் ஷி ஹுவாங் கிடக்கிறார். உள்ளே பாதரசத்தால் ஆறுகளும் கடலும் அமைத்ததாகப் பழங்கால வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிவைத்திருக்கிறார். மேட்டு மண்ணைச் சோதித்தவர்களும் பாதரச அளவு மிகுந்திருப்பதைக் கண்டார்கள். மையக் கல்லறை இதுவரை திறக்கப்படவில்லை. பல பயணிகள் மேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "பார்க்க ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். இந்த அவசரம்தான் எனக்குக் கவலை தருகிறது. கூட்டத்தின் ஆவலே ஒருநாள் கடப்பாரையாகிவிடக் கூடாது.

திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. பெய்ஜிங் அருகே மிங் பேரரசர் வான்லியின் கல்லறையை 1956-இல் தோண்டத் தொடங்கினார்கள். உள்ளே கிடைத்த பட்டுத்துணிகள் காற்றுப் பட்டு இற்றுப்போயின. 1966-இல், பண்பாட்டுப் புரட்சியின்போது, பேரரசரின் எலும்புகளே வெளியே இழுக்கப்பட்டு எரிக்கப்பட்டன. அரச கல்லறைகளைத் தேவையில்லாமல் தோண்டுவதில்லை என்று சீனா பின்னர் எடுத்த நிலைப்பாடு, இப்படிப் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். நிலத்தடி நீரும் நிலநடுக்கமும் நமக்காகக் காத்திருக்காது, திறந்துவிடுவதே நல்லது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள்.

மதியத்துக்குமேல் நகருக்குத் திரும்பினால் மிங் காலக் கோட்டைமதில்மேல் வாடகை சைக்கிளில் சுற்றலாம், முழுச்சுற்று 13.7 கிலோமீட்டர். தெற்கே, 652-இல் எழுந்த பெரிய காட்டுவாத்துப் பகோடா. நம் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதிவைத்த துறவி யுவான் சுவாங், இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுவடிகளைப் பாதுகாக்கக் கட்டச் சொன்னது இது. இருட்டியதும் முஸ்லிம் தெருவில் ஆட்டுக்கறிச் சூப் சாப்பிடலாம். கெட்டி ரொட்டியை நம் கையாலேயே பொடிப்பொடியாகக் கிள்ளிக் கொடுக்க வேண்டும். அதன்மேல்தான் சூப்பை ஊற்றித் தருவார்கள்.

மதிலும் பகோடாவும் பழுது பார்த்துப் பார்த்துக் காப்பாற்றப்பட்டவை. உதிர்ந்த அரக்குக்கும் இற்ற பட்டுக்கும் அந்த வழி இல்லை. ஆகவே சியான் போகிறவர்கள் மண்மேட்டுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். காக்கும் வித்தை கைவராத வரை அதை மூடியே வைத்திருப்பதுதான், நமக்குப் பின் வருகிறவர்களுக்கு நாம் செய்யும் நியாயம்.