டிஜே ஸ்டென்ட்: எடுக்கும் தேதி தெரியுமா?

சிறுநீரகக் கல்லை அகற்றிக்கொண்டு வீடு திரும்பும் பலருக்கு, உடலுக்குள் மெல்லிய குழாய் ஒன்று இருப்பதே மனதில் பதிவதில்லை. டாக்டர் சொல்லியிருந்தாலும், ‘ஸ்டென்ட்’ என்றதும் இதயத்தில் வைப்பதைப் போல ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். இது ஆபத்தான குழப்பம். இதய ஸ்டென்ட்டை எடுப்பதில்லை. சிறுநீர்க்குழாயில் வைக்கும் டிஜே ஸ்டென்ட்டை எடுத்தே ஆகவேண்டும்.

இரண்டு முனைகளும் சுருண்ட, ஒரு சாணுக்கும் சற்று நீளமான பிளாஸ்டிக் குழாய் இது. ஒரு சுருள் சிறுநீரகத்திலும் மற்றது சிறுநீர்ப்பையிலும் இருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வீக்கமோ கல் துகளோ பாதையை அடைத்துவிடாமல் இது சிறுநீரை இறக்கிவிடும். 1978இல் அமெரிக்க மருத்துவர் ராய் ஃபின்னி இந்த வடிவத்தை அறிமுகப்படுத்தினார்.

எடுக்கவேண்டியதற்கு ஒரு காரணம் தொற்று. அது எப்படி வருகிறது? ஸ்டென்ட்டை வைத்த சில மணி நேரத்திலேயே சிறுநீரில் உள்ள புரதங்கள் அதன்மேல் படிகின்றன. அந்தப் படிவில் ஈ.கோலை, என்டரோகாக்கஸ் போன்ற கிருமிகள் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி வழவழப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொள்கின்றன. ஆன்டிபயாடிக் அதற்குள் சரியாக ஊடுருவுவதில்லை. கிருமிகள் படலத்துக்குள்ளேயே இருப்பதால், சிறுநீர் கல்ச்சரில் ஒன்றும் வளராதபோதும் ஸ்டென்ட்டில் அவை குடியிருக்கலாம். புரோட்டியஸ் போன்ற சில கிருமிகள் யூரியாவைச் சிதைத்து சிறுநீரைக் காரமாக்கும்; அப்போது உப்புகள் படிந்து ஸ்டென்ட்டின் மீதே கல் வளரும்.

நாள் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. கல் நோயாளிகளிடம் நடத்தி 1991இல் வெளியான ஓர் ஆய்வில், 6 வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்களில் சுமார் 9 சதவீதத்தில்தான் உப்புப் படிவு இருந்தது. 12 வாரம் தாண்டியவற்றில் அது 76 சதவீதம். சர்க்கரை நோயாளிகளும் நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்.

கிருமி ஒட்டியிருப்பதும் தொற்று நோயும் ஒன்றல்ல. ஸ்டென்ட் இருக்கும்வரை சிறுநீர்ப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் தெரியலாம். அடிக்கடி சிறுநீர் வரும், எரியும், லேசாக ரத்தம் கலக்கும், கழிக்கும்போது விலாவில் வலிக்கும். இவை பெரும்பாலும் ஸ்டென்ட்டின் உறுத்தல்தான். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கினால், மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். கர்ப்பிணிகளும் சிறுநீர்ப் பாதையில் அடுத்த அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்களும் மட்டும் விலக்கு. சிறுநீரில் கிருமி இருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களுக்கு டாக்டர் மருந்து தருவார்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் கதையே வேறு. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு, அடைப்புக்கு மேலே தொற்று இருந்தால், சில மணி நேரத்தில் அது ரத்தத்தில் பரவிவிடலாம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்பே, ஸ்டென்ட் அவசியமா என்று டாக்டரிடம் கேட்கலாம். சிக்கலின்றி முடிந்த சிறு கல் சிகிச்சைக்கு அது எப்போதும் தேவைப்படுவதில்லை. வைத்துவிட்டால், எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். எடுப்பது பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவி, சில நிமிடங்களில் முடிகிற வேலை.

ஆனால் நோயாளியின் ஞாபகத்தை மட்டுமே நம்பியிருப்பது நியாயமில்லை. யாருக்கு எப்போது வைத்தோம், எப்போது எடுக்கவேண்டும் என்று பதிவேடு வைத்து, தேதி தப்பியவரை மருத்துவமனையே போனில் கூப்பிடவேண்டும்.