"மனசு சரியில்லீங்க" என்று சொன்னால்...



எங்கள் குழுவில் ஓர் அக்கா மூன்று வாரமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. கடன் தவணையும் பாக்கி. நாங்கள் நாலு பேர் அவர் வீட்டு வாசலில் நின்று பணத்தைத்தான் கேட்டோம். "தறிக்குப் போக முடியலீங்க, உடம்பெல்லாம் வலி, ராத்திரி தூக்கமே வர்றதில்லை" என்றார். சாக்கு சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பி விட்டோம். அது மனச்சோர்வு நோய் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இந்த நோயைப் பேச்சு மூலமாகவும் குணப்படுத்தலாம். ஆனால் அதற்குப் படித்தவர்கள் வெள்ளகோவில் போன்ற ஊர்களில் எத்தனை பேர் கிடைப்பார்கள்? மும்பையில் பிறந்த மனநல மருத்துவர் விக்ரம் படேல் இதற்கு ஒரு வழி கண்டார். 1996-ல் கோவாவில் நண்பர்களோடு 'சங்கத்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே உருவான முறையில் சிகிச்சை தருவது டாக்டர் அல்ல. மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்கள்தான் பயிற்சி பெற்றுச் செய்கிறார்கள்.

முறை எளிது. மனசு சோர்ந்தவர் வேலையை விடுகிறார், வெளியே போவதை நிறுத்துகிறார். அதனாலேயே சோர்வு இன்னும் கூடுகிறது. அதனால் மனசு தெளியட்டும் என்று காத்திருக்காமல், சின்ன காரியம் ஒன்றை முதலில் செய்ய வைக்கிறார்கள். வாசலில் கோலம் போடலாம், பக்கத்துத் தோட்டத்தில் முருங்கைக்காய் பறிக்கும் தோழியோடு கொஞ்சம் பேசிவிட்டு வரலாம். எது, எந்த நேரம் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அடுத்த வாரம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். இப்படி 6 முதல் 8 முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கடன், குடும்பச் சண்டை போன்ற பிரச்சினைகளுக்கும் வழி யோசிப்பார்கள். இந்த முறைக்கு வேர் அமெரிக்காவில் இருந்தாலும், நம் ஊருக்குத் தக்கபடி அமைத்தது இவர்கள்தான்.

பலன்? கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் இந்தப் பேச்சு சிகிச்சையும் பெற்றவர்களில் 100-க்கு 64 பேர் தேறினார்கள். டாக்டரின் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 பேர். ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006 முதல் பாட்டிமாருக்கே பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பேச வைத்தார்!

பயிற்சி இல்லாமல் நாம் சிகிச்சை தர முடியாது. ஆனால் பொறுமையாகக் கேட்கலாம். கேட்டதைக் குழாயடியில் சொல்லக் கூடாது. (இதுதான் நமக்குக் கஷ்டம்!) அந்த அக்கா வீட்டுக்கு மறுபடியும் போனோம். இந்தத் தடவை தவணை நோட்டு எடுத்துப் போகவில்லை. அரசு மருத்துவமனைக்குத் துணைக்கும் போனோம்.

யாராவது சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மனாஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் கிடையாது.